வீட்டு நெல்லுக்கு எத்தனை பாலிஷ்?

பெருங்களத்தூரின் பெயரிலேயே களம் இருக்கிறது. ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. 2021-ல் ஊரும் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனால் வயல் போன வீடுகளில் சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. ஏர் ஓட்டிய தகப்பனார் மத்தியானம் சாப்பிட்ட அதே குவியல் சோற்றைத்தான், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனும் சாப்பிடுகிறார். தகப்பனார் சாப்பிட்டது மாலைக்குள் வேர்வையாகப் போயிற்று. மகனுக்கு அது ரத்தத்தில் சர்க்கரையாக நிற்கிறது.

இது பட்டணத்து ஓரத்துச் சங்கதி, நமக்கு வராது என்று தெற்கே மதுராந்தகம், செய்யூர் பக்கத்து விவசாயிகள் நினைத்தால் அது தவறு. இதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சூனாம்பேடு வட்டாரத்தில் 42 கிராமங்களில், மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் என்ற சென்னை ஆராய்ச்சி நிறுவனம் வேனில் கருவிகளைக் கொண்டுபோய் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. 2012-ல் வெளியான முடிவின்படி, நூற்றுக்கு 5 பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. அதற்கு முந்தைய நிலையில் 13 பேருக்கு மேல் இருந்தனர். வியாதி வாசற்படியில் நிற்கும் இந்த 13 பேருக்குத்தான் சாப்பாட்டு மாற்றம் அதிகம் உதவும்.

ஒரு உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை அளக்க ஒரு குறியீடு உண்டு. கிளைசீமிக் இண்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். கனடாவில் டொரண்டோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் 1981-ல் இதை வகுத்தார். 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவு உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் விட்டு விட்டு ரத்தத்தைச் சோதிப்பார்கள். குளுக்கோஸ் குடித்தால் ஏறுவதை 100 என்று வைத்து மற்ற உணவை ஒப்பிடுவார்கள். 55-க்குள் இருந்தால் குறைவு. 70-க்கு மேல் போனால் அதிகம்.

நம் அரிசிகள் எங்கே நிற்கின்றன? அதே சென்னை நிறுவனம் 2012-ல் வெளியிட்ட கணக்கில் பொன்னி 70, சோனா மசூரி 72, சுர்தி கோலம் 77. மூன்றுமே உயர்ந்த வரிசைதான். ரகத்துக்கு ரகம் வித்தியாசம் 7 புள்ளி மட்டுமே. 2017-ல் வெளியான மற்றொரு ஆய்வு விவசாயிகள் கவனிக்க வேண்டியது. பி.பி.டி. நெல்லைப் புழுக்கி, ஒரே நெல்லையே மூன்று விதமாக அரைத்துப் பார்த்தனர். உமி மட்டும் நீக்கிய அரிசிக்குக் குறியீடு 57-ஐ ஒட்டி இருந்தது. நூற்றுக்கு 2.3 பங்கு தவிடு போகும்படி லேசாகத் தீட்டியதற்கு 73. 4.4 பங்கு தீட்டியதற்கு ஏறக்குறைய 80. ஒரே வயல், ஒரே மூட்டை. மில்லில் நடந்த வேலைக்கு மட்டும் 22 புள்ளி!

ரகம் முக்கியமே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. தெலுங்கானா சோனா எனப்படும் ஆர்.என்.ஆர். 15048 குறைந்த குறியீட்டு ரகம் என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் ரகத்தை மாற்ற அடுத்த பட்டம் வரை காத்திருக்க வேண்டும். மில்லில் சொல்லி அரைப்பதை இன்றைக்கே செய்யலாம்.

தவிட்டுத் தோல் அரிசிக்குப் போர்வை மாதிரி. அது இருக்கும்வரை தண்ணீர் மெதுவாகத்தான் உள்ளே போகிறது. வெந்த சோறும் வயிற்றில் மெதுவாகக் கரைகிறது. போர்வையை உரித்துவிட்டால் அரிசி ஊதி, குழைந்து, சீக்கிரம் சர்க்கரையாகிறது. சர்க்கரை வேகமாக ஏறினால் அதை இறக்க உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. பின் சர்க்கரை சட்டென்று இறங்கும்போது சிலருக்கு மறுபடி பசி எடுக்கிறது. காலை எட்டு மணிக்கு இட்லி தின்றவர் பத்தரைக்கே டீக்கடையில் போண்டா தேடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 12 பருமனான சிறுவர்களை வைத்து இதைச் சோதித்தனர். 1999-ல் வெளியான அந்த ஆய்வில், குறியீடு அதிகமான உணவைத் தின்ற நாளில், குறைவான உணவைத் தின்ற நாளைவிட 81 சதவீதம் கூடுதலாகப் பிறகு சாப்பிட்டனர். 12 பேர் என்பது சின்னக் கணக்கு. குறைந்த குறியீட்டு உணவில் முட்டையும் காய்கறியும் இருந்தன. ஆகவே பசி அடங்கியது குறியீட்டால் மட்டுமே என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலேயே நமக்கு ஒரு சேதி இருக்கிறது. சோற்றோடு சேருவதும் கணக்கில் வரும். 2014-ல் வெளியான சென்னை ஆய்வில், வெள்ளை அரிசிக்குப் பதில் தீட்டாத அரிசி சாப்பிட்ட நாட்களில் நாள் முழுவதுக்குமான சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. பயறு வகையும் சேர்த்தபோது 23 சதவீதம் குறைந்தது. வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போடுகிறவர்களுக்கு இது செலவில்லாத மருந்து.

கேழ்வரகு என்றால் எப்படிச் சாப்பிட்டாலும் நல்லது என்ற எண்ணமும் சரியல்ல. நைசாக மாவாக்கிக் கூழ் காய்ச்சினால் அதுவும் வேகமாகத்தான் ஏறும். எதையும் குவித்துச் சாப்பிட்டால் குறைந்த குறியீட்டால் பயனில்லை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே அரிசியை மாற்ற வேண்டும்.

இனி மில் விஷயம். பழைய ஹல்லர் மில்லில் உமியும் தவிடும் ஒன்றாகவே போய்விடும். அங்கே சொல்லிப் பயனில்லை. ரப்பர் ரோலர் உள்ள மில்லில் உமியை மட்டும் நீக்கி, பாலிஷ் மெஷினுக்குப் போகாமல் அரிசியைப் பிடித்துத் தரச் சொல்லலாம். விற்கும் நெல்லுக்கு இந்தப் பேச்சு செல்லாது. வியாபாரி வெள்ளையைத்தான் கேட்பார். வீட்டுக்கு ஒதுக்கும் மூட்டைகளுக்கு உரிமை நம்முடையது.

தவிட்டில் எண்ணெய் இருப்பதால் தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். ஆகவே நெல்லாகவே வைத்திருந்து, பதினைந்து இருபது நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது. சமைக்குமுன் சில மணி நேரம் ஊற வைத்தால் அடுப்பு நேரம் குறையும். முதலில் பாதி வெள்ளை, பாதி தீட்டாதது என்று கலந்து வடித்தால் பிள்ளைகள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வீட்டில் எதிர்ப்பு வருமானால் அது பெரும்பாலும் தொழுவத்திலிருந்துதான் வரும். முழுக்கத் தீட்டினால் 100 கிலோ நெல்லுக்கு 5 முதல் 8 கிலோ வரை தவிடு கிடைக்கும். தீட்டாவிட்டால் மாட்டுக்கு அது இல்லை. அதற்குப் பதில் தவிடு வாங்கினால் கைக்காசு செலவாகும். ஆனால் மாட்டுக்குப் போன அந்த எடை இப்போது அரிசியோடு நின்று பானையில் வேகிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.