பிக்கப் மாற்ற முன்னர் கேட்கவேண்டிய கேள்வி

மலிவான மின்கிற்றார் ஒன்றை வாங்கி ஓரிரு வருடங்கள் வாசித்த தம்பிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எந்தப் பிக்கப் போட்டால் நல்லது?" என்பதுதான். இப்போதுள்ள ஒலியில் எது பிடிக்கவில்லை என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. நல்ல பிக்கப் ஒன்றின் விலை சிலவேளை கிற்றாரின் விலையையே எட்டிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் திருப்பி அனுப்புவதும் இலகுவல்ல. ஆகவே குறையை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான தடவை சுற்றப்பட்ட ஒரு சுருள். தந்தி அதிர, சுருளில் மின் தூண்டப்படுகிறது. பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். ஒற்றைச் சுருள், நமது மின்வழங்கலின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். இதற்குத் தீர்வாக, எதிரெதிராக இணைத்த இரு சுருள்களைக் கொண்ட ஹம்பக்கருக்கு கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமை கோரினார்.

இரைச்சல்தான் உங்கள் குறை என்றால், கிற்றாருடன் மெல்லத் திரும்பிப் பாருங்கள். திசைக்கேற்ப இரைச்சல் கூடிக் குறைந்தால் அது சுருள் பிடிப்பது. ஒற்றைச் சுருளின் அளவிலேயே வரும் இரைச்சலற்ற வகை உதவும். தந்தியைத் தொட்டதும் குறைகிறதா? அப்படியானால் உட்குழிக்குச் செப்புத் தகடு ஒட்டினாலே பெரும்பாலும் போதும்.

ஒலி மங்கலா? ஒலியளவுத் திருகியின் பெறுமானத்தைப் பாருங்கள். ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓமும் வழக்கம். ஹம்பக்கருக்கு 250 போட்டிருந்தால் உச்ச ஒலிகள் மழுங்கும். திருகியை மாற்றப் பெரிய செலவில்லை. பிக்கப்பின் உயரத்தையும் சரிபாருங்கள். ஒற்றைச் சுருள் தந்திக்கு மிக அருகில் இருந்தால் காந்தம் தந்தியை இழுத்து சுருதியையே குழப்பும். கடைசி பிரெட்டில் அழுத்திப் பார்க்கும்போது 2 மில்லிமீற்றர் அளவு இடைவெளி நல்ல தொடக்கம்.

இவை எல்லாம் பார்த்தும் திருப்தியில்லையென்றால் வாங்கலாம். ஆனால் விளம்பரத்தில் போடும் தடைப் பெறுமானத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் 6 கிலோ ஓம் அளவிலும், பழைய பாணி ஹம்பக்கர் 8 அளவிலும் இருக்கும். 15ஐத் தாண்டியவை பொதுவாகத் தடித்த நடு ஒலி தரும்; உச்சம் குறையும். காந்தமும் கம்பியின் தடிப்பும் மாறினால் இந்த எண்ணை வைத்து ஒப்பிடவே முடியாது. மெட்டல் வாசிக்காதவர் "அதிக வெளியீடு" என்ற சொல்லுக்கு மயங்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

வாங்க முன் தந்திகளின் இடைவெளியை அளவுங்கள். பாலத்தருகே முதலாம் தந்தியிலிருந்து ஆறாம் தந்தி வரை ஃபெண்டர் வகையில் ஏறத்தாழ 53, கிப்சன் வகையில் 50 மில்லிமீற்றர். மூன்றையும் ஒரேயடியாக மாற்றாமல், பாலத்தருகே உள்ளதை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். புதியதைப் பழையதுடன் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து மூக்கால் பாடுவதுபோலக் கேட்டால், இரண்டின் கட்டமும் எதிரெதிராக உள்ளது. பெரும்பாலும் புதியதன் இரு கம்பிகளை இடம்மாற்றிப் பற்றவைத்தால் சரியாகும். பழைய இணைப்புகளைக் கழற்ற முன் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கம்பி நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.