மாதத்தில் நான்கு நாள் வரும் அப்பாவிடம் நாய்க்குட்டி பழகுமா?

லாரி ஓட்டுபவர்களின் வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். குஜராத்துக்கோ அஸ்ஸாமுக்கோ சரக்கு ஏற்றிச் சென்ற அப்பா பதினைந்து நாள் கழித்து வீடு திரும்புகிறார். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த நாய்க்குட்டியோ கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு உறுமுகிறது. இரண்டு நாள் கழித்து அது மெல்லத் தலையை வெளியே நீட்டும் நேரத்தில் அப்பா மறுபடியும் புறப்பட்டுவிடுகிறார். கப்பலில் வேலை செய்யும் மாமா, இராணுவத்தில் இருக்கும் அண்ணன் என்று வேறு வீடுகளிலும் இதே கதைதான்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது. பயத்தோடு வளரும் குட்டி பெரிய நாயான பின்பும் பயப்படும். பயந்த நாய் கடிக்கும். வீட்டு மனிதரையே கடிக்கும் நாயை யாரும் வைத்திருக்க விரும்புவதில்லை. ஒருநாள் அதைக் கோணிப்பையில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சரி, நாய் ஒருவரைத் தன்னவர் என்று ஏற்றுக்கொள்வது எதனால்? சோறு போடுவதால் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பிராட்பெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்து 1954இல் வெளியிட்டார். சில குட்டிகளுக்கு மனிதர் கையால் உணவு கொடுக்கப்பட்டது. வேறு சிலவற்றுக்கு இயந்திரம் உணவு கொடுத்தது. மனிதரிடம் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆக, தினமும் தட்டில் சோறு வைப்பவர் அம்மா என்பதால் அப்பாவுக்கு இடமில்லை என்று ஆகிவிடாது.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று விஞ்ஞானிகள், உயரமான பலகை வேலி சூழ்ந்த வெளியில் நாய்க்குட்டிகளை வளர்த்தார்கள். ஆள் முகமே தெரியாதபடி, வேலியின் துளைகள் வழியே தீனியும் தண்ணீரும் உள்ளே போயின. சில குட்டிகளை 2ஆம் வாரத்திலும், மற்றவற்றை 3, 5, 7, 9ஆம் வாரங்களிலும் வெளியே எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டு, மறுபடி வேலிக்குள் விட்டார்கள். சில குட்டிகள் மட்டும் 14 வாரம் வரை மனித வாடையே இல்லாமல் வளர்ந்தன.

1961இல் வெளியான முடிவுகள் இவை. 2ஆம் வாரக் குட்டிக்கு உண்பதும் உறங்குவதும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. 3ஆம் வாரக் குட்டி பயமின்றி மனிதரிடம் வந்தது. 5ஆம் வாரக் குட்டி கொஞ்சம் தயங்கிப் பிறகு வந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் தயக்கம் நீண்டுகொண்டே போனது, ஆனாலும் பழகிவிட்டன. 14 வாரம் மனிதரைக் காணாதவையோ காட்டு மிருகங்களைப் போலவே இருந்தன. குட்டிகளுக்கு இது கொடுமைதான். ஆனாலும் இன்று நாய் வளர்ப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இத்தகைய சோதனைகளிலிருந்து வந்ததே.

ஏறத்தாழ 3ஆம் வாரத்தில் திறக்கும் ஒரு கதவு, 12 முதல் 14 வாரத்துக்குள் மெல்லச் சாத்திக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். அந்தக் காலத்தில் குட்டி எவரோடெல்லாம் அச்சமின்றிப் பழகுகிறதோ அவர்கள் அதன் உலகத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். எத்தனை மணி நேரம் கூடவே இருந்தார்கள் என்பது இரண்டாம்பட்சம்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். குட்டியை 8 வாரமாவது தாயிடம் விட்டுவைக்க வேண்டும். (கண் திறந்ததுமே தூக்கி வந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, அது நல்லதல்ல.) 8ஆம் வாரத்தில் வீட்டுக்கு வரும் குட்டிக்கு, கதவு சாத்துவதற்கு மீதம் 4 முதல் 6 வாரங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும் அப்பாவுக்கு அதற்குள் கிடைப்பவை இரண்டோ மூன்றோ வருகைகள்தான்! முடிந்தால் அவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக் குட்டியை அழைத்து வாருங்கள். ஒரு வருகை மிச்சமாகும்.

வந்த அன்று அப்பா என்ன செய்ய வேண்டும்? முதலில், ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். குட்டியின் பக்கம் நேராக நடந்து போவது, குனிந்து தூக்குவது, கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பது எல்லாமே அதற்கு மிரட்டலாகத் தோன்றும். தரையில், பக்கவாட்டாகத் திரும்பி உட்காரட்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழியையோ முட்டையையோ சிறு துண்டுகளாக்கித் தன்னைச் சுற்றிப் போட்டுவிட்டு உங்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும். பக்கத்தில் வருவதா வேண்டாமா என்பதைக் குட்டிதான் தீர்மானிக்க வேண்டும். கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்து வந்து, "அப்பாடா, அப்பாடா" என்று அவர் மடியில் திணிப்பது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல். உறுமினால் அடிக்கவும் கூடாது. அடி வாங்கிய குட்டி உறுமுவதை நிறுத்திவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளலாம்.

நெருங்கி வந்த பிறகு அப்பாவுக்கென்றே ஒரு விளையாட்டை ஒதுக்கி வையுங்கள். ஒரு பழைய கயிற்றை அவர் மட்டுமே எடுக்கட்டும். அதட்டும் வேலையை அவரிடம் தராதீர்கள். இரண்டு நாள் விருந்தாளி கண்டிப்புக்காரராக இருந்தால் என்ன ஆகும்?

அவர் ஊரில் இல்லாத நாட்களில் மூக்குதான் துணை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை மூளைப் படமெடுக்கும் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கினார்கள். பிறகு பல வாடைகளை முகரவைத்தார்கள். நல்லது ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாடைக்கே மிகுதியாக வேலை செய்தது. அந்த மனிதர் அப்போது அந்த இடத்திலேயே இல்லை! 2015இல் வெளியான ஆய்வு இது. ஆகவே, அப்பா கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் எடுத்து வைத்து, குட்டி சாப்பிடும் இடத்தருகே போடலாம். ஆனால், பழகாதவரின் சட்டை வெறும் துணிதான். முதல் வருகை நன்றாக அமைந்தால்தான் சட்டைக்கு மதிப்பு வரும்.

அந்த வாரங்களைத் தவறவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகங்களில் இருந்த வளர்ந்த நாய்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு புதியவர் 10 நிமிடம் வீதம் மூன்று தடவை மட்டும் அவற்றோடு பழகினார். பிறகு சோதித்தபோது, முன்பின் அறியாத இன்னொருவரைவிட இவரிடம் அந்த நாய்கள் உரிமையோடு நடந்துகொண்டன. முடிவு வெளியானது 2001இல். மனிதரையே அறியாமல் வளர்ந்த நாய்க்கு இது பொருந்தாது. உங்கள் வீட்டுக் குட்டியோ உங்களோடு பழகியே வளர்ந்திருக்கிறது.

இதனிடையே ஒரு எச்சரிக்கை. குட்டிகள் விளையாட்டாகக் கடிக்கும், பயந்தும் கடிக்கும். குட்டிதானே என்று அலட்சியம் வேண்டாம். பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா வந்து உட்கார்ந்ததும் குட்டி எத்தனை அடி தூரத்தில் நிற்கிறது, எத்தனை நிமிடத்தில் அவர் கையை முகர்கிறது, தீனியை அங்கேயே தின்கிறதா அல்லது கவ்விக்கொண்டு ஓடுகிறதா என்று ஒவ்வொரு வருகையிலும் தேதியோடு குறியுங்கள். வால் ஆடுவதை மட்டும் வைத்து மகிழ்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். வால் கால்களுக்கிடையே சுருண்டிருக்கிறதா, காது பின்னால் படிந்திருக்கிறதா, பசியில்லாதபோதும் உதட்டை நக்குகிறதா, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறதா என்று பாருங்கள். இவை பெரும்பாலும் கலக்கத்தின் அடையாளங்கள். நான்கைந்து வருகைகள் ஆனதும் நிமிடங்களை வரைபடத் தாளில் குறித்து, அடுத்த தடவை அப்பா லாரியை விட்டு இறங்கியதும் அவரிடம் காட்டுங்கள்.