48 மணி நேரத்தில் ஒரு தீவு

கொடுத்த தலைப்பில் 48 மணி நேரத்துக்குள் ஒரு கணினி விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்க வேண்டும். நிரல், படம், ஒலி எல்லாமே போட்டி தொடங்கிய பிறகு சொந்தமாகச் செய்தவையாக இருக்க வேண்டும். 2002-இல் தொடங்கிய 'லூடும் டேர்' போட்டி இப்படிப்பட்டது.

2008 ஆகஸ்டில் இதில் இறங்கியவர்களில் ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன். ஏழு வயதில் அப்பாவின் கொமடோர் 128 கணினியில் நிரல் எழுதப் பழகியவர். அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் விளையாட்டு நிரல்கள் அச்சாகி வரும். பார்த்து வரி வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் விளையாட்டு ஓடாது. பிள்ளை வயதில் அந்தப் பொறுமை வாய்ப்பது பெரிய விஷயம். எட்டு வயதிலேயே சொந்தமாக ஒரு சாகச விளையாட்டை எழுதிவிட்டார்.

அந்த ஆகஸ்ட் போட்டிக்குத் தலைப்பு 'கோபுரம்'. பெர்சன் ஒரு குட்டித் தீவைப் படைத்தார். அங்கே மரம் வெட்டி, கல் சேர்த்து, வீடு கட்டி, வீரர்களைத் தயார்செய்து, கோபுரத்தைத் தகர்க்க வேண்டும். இரண்டே நாளில் இத்தனையும்!

அடுத்த ஆண்டே, 2009 மே மாதம், அவர் எழுதத் தொடங்கிய விளையாட்டுதான் மைன்கிராஃப்ட். அதை உருவாக்கிய அவரது நிறுவனத்தை 2014-இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது.