ரிவர்ஸில் ஓடிய ராட்சத வண்டி

துருவப் பகுதிக்கான ராட்சத வண்டிகளைப் பற்றி கொஞ்ச நாளா தேடிப் படிச்சிட்டு இருக்கேன். அதில் என்னை ரொம்ப யோசிக்க வெச்சது, 1939-ல் சிகாகோவில் தயாரான அன்டார்டிக் ஸ்னோ க்ரூஸர்.

வடிவமைத்தவர் தாமஸ் போல்டர். 1934-ல் அன்டார்டிகாவில் தனியாக உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அட்மிரல் பேர்டை, டிராக்டரில் இருட்டிலும் குளிரிலும் போய்க் காப்பாற்றியவர். பாதுகாப்பான வண்டி வேணும்னு அவர் நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

நீளம் 55 அடி. எடை சுமார் 34 டன். டயர் ஒவ்வொன்றும் 10 அடி உயரம். இரண்டு டீசல் என்ஜின்கள் மின்சாரம் தயாரிக்கும். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு மோட்டார். முதுகில் ஒரு விமானம் வேற!

1940 ஜனவரியில் அன்டார்டிகாவில் இறக்கியதும் சக்கரங்கள் பனியில் புதைந்தன. ஏன்? மொத்த எடையை விட முக்கியம், அது எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பது. இங்கே 34 டன்னும் நாலே டயர் மேல. அதுவும் வரிகளே இல்லாத வழவழ டயர், பிடிமானம் கிடையாது. ஸ்பேர் டயர்களை முன்னால் சேர்த்து மாட்டி, பின்சக்கரத்துக்குச் சங்கிலி சுத்தினாங்க. கடைசியில் ரிவர்ஸில்தான் ஓரளவு ஓடியது. அதன் மிக நீண்ட பயணமான 92 மைலும் ரிவர்ஸில்தான்!

1958-ல் ஃபுக்ஸ் குழு அன்டார்டிகாவைக் குறுக்கே கடந்தது, பட்டைச் சக்கரங்களில் ஓடும் சிறிய ஸ்னோ-கேட் வண்டிகளில். பட்டை எடையைப் பரப்பும், பனியையும் பிடிக்கும்.

க்ரூஸர் சிகாகோவிலிருந்து பாஸ்டன் வரை சாலையில் ஓடியே போனது. நிஜப் பனியைப் பார்த்தது அன்டார்டிகாவில்தான். சாஃப்ட்வேர்காரங்களுக்குப் புரியும்: முதல் டெஸ்டிங்கே ப்ரொடக்‌ஷனில்!