பாட்டு நின்ற பிறகும் ஆடிய இரினா

1973-ம் ஆண்டு. செக்கோஸ்லோவாகியா நாட்டில் பிராட்டிஸ்லாவா என்ற நகரம். அங்கே உலகப் பனிச்சறுக்குப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

மண்டபம் நிறைய ஜனங்கள். நடுவே கண்ணாடி போல் பளபளக்கும் பனிக்கட்டித் தரை. அதில் ஒரு ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. பெண் ஐந்தடி உயரம்தான் இருப்பார். ஆண் நல்ல நெட்டை. பெண்ணின் பெயர் இரினா ரோட்னினா. ஆணின் பெயர் அலெக்சாண்டர் சைத்சேவ். இருவரும் ரஷியர்கள்.

திடீரென்று பாட்டு நின்றுவிட்டது!

ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை. ஜனங்கள் திகைத்தார்கள். பாட்டு இல்லாமல் எப்படி ஆடுவது? ஆட்டம் அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இது என்ன ஆட்டம்?

நம் ஊரில் இந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஆகவே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும்.

ஆடுபவர்கள் காலில் பூட்ஸ் அணிந்திருப்பார்கள். பூட்சின் அடியில் எஃகுத் தகடு ஒன்று இருக்கும். அதன் கனம் கால் அங்குலம்கூட இல்லை. அந்தத் தகட்டின்மேல் நின்றுதான் பனியில் வழுக்கிக்கொண்டு ஓடவேண்டும்; பம்பரம்போல் சுழலவேண்டும்; குதிக்கவேண்டும். ஜோடி ஆட்டத்தில் இன்னும் ஆபத்து உண்டு. ஓடுகிற ஓட்டத்திலேயே ஆண், பெண்ணைத் தலைக்குமேல் தூக்குவார். பிடி நழுவினால் பெண் விழுவது பஞ்சு மெத்தையில் அல்ல. பாறை போன்ற பனிக்கட்டியில்!

இருவரும் ஒரே நொடியில் குதிக்கவேண்டும். ஒரே நொடியில் திரும்பவேண்டும். அதற்குக் கணக்குச் சொல்வது பாட்டுதான்.

நோஞ்சான் குழந்தை

இரினா 1949-ல் மாஸ்கோவில் பிறந்தவர். தகப்பனார் ராணுவ அதிகாரி. குழந்தைப் பருவத்தில் இரினாவுக்கு அடிக்கடி நிமோனியா காய்ச்சல் வரும். ஒருமுறை குணமாகும், மறுபடியும் வரும். பெற்றோர் தவியாய்த் தவித்தார்கள். திறந்த வெளியில் விளையாடினால் நெஞ்சு பலப்படும் என்று குழந்தையைப் பனிச்சறுக்கு விளையாட அழைத்துப் போனார்கள். சளி பிடித்த குழந்தையைப் பனியில் கொண்டுபோய் விடுவதா என்று நம் பாட்டிமார் கேட்பார்கள். ஆனால் அந்த வைத்தியம் பலித்தது!

பிறகு ஸ்தானிஸ்லாவ் ஷூக் என்ற பயிற்சியாளரிடம் இரினா சேர்ந்தார். ஷூக் மிகவும் கண்டிப்பானவர். அவர் அலெக்சி உலனோவ் என்ற வாலிபரை இரினாவுக்கு ஜோடியாக்கினார். 1969-ல் இந்த ஜோடி உலகப் போட்டியில் தங்கம் வென்றது. அவர்களிடம் தோற்றவர்கள் யார்? இரண்டு முறை ஒலிம்பிக் தங்கம் வென்ற பெலூசோவா-புரோட்டோபோப்போவ் ஜோடி! அப்போது இரினாவுக்கு வயது 19.

ஜோடி பிரிந்தது

1972-ல் ஜப்பானில் சப்போரோ நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. இரினாவும் உலனோவும் தங்கம் வென்றார்கள். ஆனால் அதற்குள் உலனோவின் மனம் வேறு இடத்தில் இருந்தது. வெள்ளிப் பதக்கம் பெற்ற ஜோடியில் ஆடிய லுட்மிலா ஸ்மிர்னோவாவை அவர் காதலித்தார். இனி அவருடன்தான் ஆடுவேன் என்று முடிவு செய்துவிட்டார். இரினாவும் உலனோவும் கணவன்-மனைவி அல்ல. ஆனால் இத்தனை ஆண்டு கைகோத்து ஆடியவர் விட்டுப் போனால் வலிக்காதா?

அடுத்த மாதமே கனடாவில் உலகப் போட்டி. அதற்கு முந்தின நாள் ஒத்திகை. உலனோவ் தூக்கியபோது இரினா தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். அப்படியும் அவர் போட்டியில் ஆடினார். தலை சுற்றியது, ஆனால் தங்கம் கிடைத்தது. அதோடு ஜோடி பிரிந்தது.

இரினா ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஷூக் விடவில்லை. லெனின்கிராட் நகரிலிருந்து புது வாலிபர் ஒருவரைத் தேடிப் பிடித்தார். அவர்தான் சைத்சேவ். இரினாவைவிட வயதில் இளையவர். இருவருக்கும் கிடைத்தது ஓர் ஆண்டுகூட இல்லை. இரவு பகலாகப் பயிற்சி செய்தார்கள்.

தகட்டின் சத்தம்

இப்போது மறுபடியும் பிராட்டிஸ்லாவாவுக்கு வருவோம்.

பாட்டு நின்றது. ஓரத்தில் நின்ற ஷூக், "நிறுத்தாதே, ஆடு" என்று சைகை காட்டினார். இருவரும் ஆடினார்கள். அத்தனை பெரிய மண்டபத்தில் எஃகுத் தகடு பனியைக் கீறும் சத்தம்தான் அவர்களுக்குத் துணை. பாட்டு அவர்கள் மனசுக்குள் ஓடியது போலும்! தூக்கும் இடத்தில் தூக்கினார். குதிக்கும் இடத்தில் இருவரும் குதித்தார்கள்.

ஆட்டம் முடிந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். இதில் ஒரு விசேஷம் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1968-ல்தான், ரஷிய டாங்கிகள் அந்த நாட்டுக்குள் புகுந்திருந்தன. அந்த ஜனங்களுக்கு ரஷியர்கள்மேல் தீராத கோபம். பாட்டை வேண்டுமென்றே யாரோ நிறுத்தினார்கள் என்றுகூடப் பேச்சு உண்டு. மின்சாரக் கோளாறு என்றும் சொல்வார்கள். எதுவானாலும் கை தட்டியவர்கள் அந்த ஜனங்கள்தான்.

தங்கம் இரினாவுக்கு. ஒரு படி கீழே வெள்ளிப் பதக்கத்துடன் நின்றவர் யார் தெரியுமா? பழைய ஜோடி உலனோவ்! பக்கத்தில் ஸ்மிர்னோவா.

தாயான பிறகு

1975-ல் இரினாவும் சைத்சேவும் திருமணம் செய்துகொண்டார்கள். 1976-ல் ஒலிம்பிக் தங்கம். 1978-ல் பத்தாவது முறையாக, தொடர்ச்சியாக, உலகத் தங்கம்! 1979-ல் ஆண் குழந்தை பிறந்தது. இனி ஆடமாட்டார் என்றார்கள். மறு ஆண்டே அமெரிக்காவில் லேக் பிளாசிட் ஒலிம்பிக். அங்கே மூன்றாவது தங்கம். மேடையில் தேசிய கீதம் ஒலித்தபோது இரினாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. டெலிவிஷனில் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை.

பின்னாளில் அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. 2007-ல் ரஷிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2014-ல் சோச்சி நகரில் நடந்த ஒலிம்பிக்கில் ஹாக்கி வீரர் திரெத்யாக்குடன் சேர்ந்து ஜோதி ஏற்றினார். அப்போது அவருக்கு வயது 64.

இதற்கிடையே பல ஆண்டுகள் அமெரிக்காவில் தங்கிப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் பயின்ற ஒரு ஜோடி 1995-ல் உலகத் தங்கம் வென்றது. அவர்கள் பெயர் ராட்கா கோவர்ஜிகோவா, ரெனே நோவோட்னி. இருவரும் செக் நாட்டவர்கள். பாட்டு நின்ற அன்று பிராட்டிஸ்லாவாவும் அவர்கள் ஊரும் ஒரே நாடாக இருந்தன.