உறவினர் தரும் பணமும் வருமான வரியும்

நம் தேசத்தில் 1958-ஆம் ஆண்டு பிறந்த நன்கொடை வரி 1998 அக்டோபரிலேயே நீங்கிவிட்டபடியால், தகப்பனார் மகளுக்கோ தமையன் தங்கைக்கோ மனமுவந்து அளிக்கும் பணம், எத்துணைப் பெரிய தொகையாயினும், கொடுப்பவருக்கு வரிச்சுமை ஆவதில்லை. பெறுபவருக்கும் வருமான வரி கிடையாது.

ஆயினும், சித்தப்பா தம் அண்ணன் மகனுக்கு ஒரு லட்சம் ரூபாய் அளித்தால் வரியில்லை என்னும் அதே சட்டம், அந்தப் பிள்ளை உத்தியோகத்தில் அமர்ந்து, முதிர்ந்த சித்தப்பாவின் வைத்தியச் செலவுக்கென்று அதே அளவு தொகையை அன்பளிப்பாக அனுப்பும்போது அவனை உறவினனாகக் கருதுவதில்லை. ஓராண்டில் இத்தகைய வரவு 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் சித்தப்பாவின் வருமானத்தில் சேர்ந்துவிடும். இது திருத்தப்படவேண்டிய விதியே.

கணவன் மனைவிக்குத் தரும் பணத்துக்கு வரியில்லை. அதை வங்கியில் இட்டு வரும் வட்டியோ கணவனின் வருமானமாகவே கணக்கிடப்படும்.