சுவரொட்டி ஊரும் என்எஃப்டி கூட்டமும்

பெரிய நடிகர் படம் வெளியாகும் வாரத்தில் மதுரையின் காளவாசல், பெரியார் நிலையம், மாட்டுத்தாவணிப் பக்கம் சுவர்களைப் பார்த்தால் போதும். நாயகன் முகம் பெரிதாக நிற்கும். அடியில் மன்றத்துப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் அளவு முகங்கள் வரிசையாக இருக்கும், ஓரத்தில் தெருப் பெயர். அச்சடித்த காசும் பசை காய்ச்சிய காசும் பெரும்பாலும் அவர்கள் கைக்காசுதான். என்எஃப்டி விற்க வந்தவர்கள் உலகம் முழுக்கத் தேடி அலைந்தது இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைத்தான். கிடைக்காதவர்கள் அதையும் விலைக்கு வாங்கினார்கள்.

என்எஃப்டி என்பது ஒரு படத்துக்கோ பாட்டுக்கோ போடப்படும் டிஜிட்டல் சீட்டு. பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் 'இந்தச் சீட்டு இன்னாருடையது' என்று பதிவாகும். படத்தை யார் வேண்டுமானாலும் செல்போனில் இறக்கிக்கொள்ளலாம், சீட்டு மட்டும் ஒருவரிடம்தான் இருக்கும். தனியாக எழுதிக்கொடுத்தால் ஒழிய காப்புரிமைகூடக் கைமாறாது. ஆக, வாங்கியவருக்கு மிஞ்சுவது 'இது என்னிடம் இருக்கிறது' என்ற பெருமை. அதை மதிக்க நாலு பேர் இல்லாவிட்டால் சீட்டுக்கு விலையும் இல்லை. மற்ற வியாபாரத்தில் சரக்கைச் செய்துவிட்டு விளம்பரத்துக்குப் போவார்கள். இங்கே விளம்பரத்தைக் கழித்தால் சரக்கே மிஞ்சாது.

இந்தக் கதையின் உச்சத்தில் நிற்பவர்கள் இரண்டு தமிழர்கள். 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் 'எவ்ரிடேஸ்: முதல் 5000 நாட்கள்' என்ற டிஜிட்டல் படைப்பு 6.93 கோடி டாலருக்குப் போனது. எடுத்தவர் 'மெட்டாகோவன்' என்ற புனைபெயரில் இருந்தார். சில நாளில் பெயர் வெளியே வந்தது: தமிழ்நாட்டிலிருந்து போய் சிங்கப்பூரில் தொழில் செய்த விக்னேஷ் சுந்தரேசன். அவருடைய மெட்டாபர்ஸ் நிதியத்தில் கூட நின்றவர், முன்பு சென்னையில் பத்திரிகையாளராக இருந்த ஆனந்த் வெங்கடேஸ்வரன்.

தொகையைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் ஓவியரைக் கவனிக்கவில்லை. பீப்பிள் என்ற மைக் விங்கெல்மன் 2007 மே 1 முதல் தினமும் ஒரு படம் செய்து இணையத்தில் போட்டுக்கொண்டே வந்தார், ஒருநாளும் விடாமல். பதின்மூன்று ஆண்டுக்கு மேல். ஏலம் நடந்தபோது இன்ஸ்டாகிராமில் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பல லட்சம். என்எஃப்டி என்ற பேச்சு எழுவதற்கு வெகு முன்பே கூட்டம் கூடியிருந்தது, சீட்டு கடைசியாக வந்தது.

வாங்கியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். அந்த ஏலத்துக்குச் சில மாதம் முன்பே பீப்பிளின் வேறு 20 படைப்புகளை வாங்கி, அவற்றைச் சேர்த்து 'பி20' என்ற டோக்கனாகத் துண்டு போட்டு, 2021 ஜனவரியில் பொதுமக்களுக்கு விற்றிருந்தார்கள். பெரும்பங்கு சுந்தரேசன் வசமே இருந்தது. ஓவியருக்கும் சிறு பங்கு. கிறிஸ்டீஸ் ஏலச் செய்தி பரவப் பரவ டோக்கனின் விலை ஏறியது. ஆரவாரம் அடங்கியதும் சரிந்தது. 6.93 கோடி டாலர் ஏலமே டோக்கனுக்கான விளம்பரம் என்று விமர்சகர்கள் சொன்னார்கள், வாங்கியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நோக்கம் எதுவாக இருந்தாலும், அந்த ஏலத்தைவிடப் பெரிய விளம்பரம் என்எஃப்டிக்குக் கிடைக்கவில்லை.

இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. செமாராங் நகரின் கணினி மாணவர் கொஸாலி, பட்டமளிப்பு வீடியோவுக்காக 2017 முதல் 2021 வரை கணினி முன் உட்கார்ந்து எடுத்த சுமார் 930 செல்ஃபிகளை 2022 ஜனவரியில் ஓப்பன்சீ என்ற என்எஃப்டி விற்பனைத் தளத்தில் தலா 3 டாலர் என்று வைத்தார். எல்லாம் ஒரே உம்மணாமூஞ்சிப் படங்கள். ஒரு பிரபல சமையல் கலைஞர் வாங்கி ட்விட்டரில் போட, வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அந்நாட்டு வரித் துறையே வாழ்த்துச் சொல்லி, கூடவே வரி கட்டும் இணைப்பையும் அனுப்பிவைத்தது! பிறகு விலை இறங்கிவிட்டது.

இந்தியாவில் 2021 நவம்பரில் அமிதாப் பச்சனின் என்எஃப்டி தொகுப்பு சுமார் 7 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அவர் குரலில் பதிவான தந்தையின் 'மதுஷாலா' அதில் முக்கியச் சரக்கு. அரை நூற்றாண்டு சேர்த்த ரசிகர்கள் இருக்கும்போது அதில் ஆச்சரியம் இல்லை.

கூட்டமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? டிஸ்கார்டிலோ டெலிகிராமிலோ ஒரு குழு திறப்பார்கள். பத்து நண்பர்களைச் சேர்த்தால் 'வொயிட்லிஸ்ட்'டில் இடம், அதாவது முதல் நாள் மலிவு விலையில் வாங்கும் சலுகை. காலையில் எழுந்ததும் 'ஜிஎம்' (குட் மார்னிங்) போட்டால் பட்டம் உயரும். உறுப்பினர் எண்ணிக்கையில் காசு கொடுத்து ஏற்றிய போலிக் கணக்குகளும் இருக்கும். சொந்தக்காரரே இரண்டு கணக்கு வைத்து, தனக்குத் தானே விற்று விலை ஏற்றுவதும் உண்டு. 2022 ஜனவரியில் 'ஃபிராஸ்டிஸ்' என்ற அமெரிக்கத் திட்டம் சுமார் 11 லட்சம் டாலர் வசூலித்த கையோடு குழுவையும் தளத்தையும் மூடிவிட்டு ஓடியது. மார்ச்சில் இரண்டு பேர் கைதானார்கள். 2023 செப்டம்பரில் டேப்கேம்பிள் தளம் 73,257 தொகுப்புகளை அலசியபோது 69,795 தொகுப்புகளின் சந்தை மதிப்பு பூஜ்ஜியம்.

இந்தியாவில் விளம்பரத்துக்கே விதி உண்டு. விளம்பரத் தர மன்றம் 2022 ஏப்ரல் 1 முதல், என்எஃப்டி விளம்பரங்களில் 'இது கட்டுப்பாட்டுக்கு உட்படாதது, ஆபத்து அதிகம், நஷ்டத்துக்கு ஒழுங்குமுறை நிவாரணம் கிடைக்காமல் போகலாம்' என்ற எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பத்திரிகை விளம்பரம் என்றால் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே. அதே நாள் முதல் லாபத்தில் 30 சதவீத வரி. வாங்கி விற்பவர் வாங்கிய விலையை மட்டுமே கழிக்கலாம். கூட்டம் சேர்க்கச் செலவழித்தது கணக்கில் வராது.

ஆக, அலங்காநல்லூர் வாடிவாசலில் கேமராவோடு நிற்கும் இளைஞர் ஒருவர் தன் படங்களை இப்படி விற்க நினைத்தால், சீட்டை ஆறப்போடுவதே நல்லது. எந்த ஊர்க் காளை, யார் வளர்த்தது, எத்தனை களம் கண்டது என்று குறிப்போடு வாரம் ஒரு படம் போடலாம். 2017இல் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கம் மைதானத்தில் போராட உட்கார்ந்தவர்களும், அதை வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். பிரேம் போட்ட பிரதியைக் கேட்டு யாரும் வராதபோது சீட்டைக் கேட்டும் வரப்போவதில்லை.

படங்களை விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று டெலிகிராமில் யாராவது கேட்டால் பணம் அனுப்பாதீர்கள். சீட்டை வைத்திருக்கும் டிஜிட்டல் வாலட்டின் ரகசியச் சொற்களை எவருக்கும் தராதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.